தோட்டத்து ஆபீசில் எம்.சி. (டாக்டர் சீட்டோடு எடுக்கும் நோய் விடுப்பு), பிரசவம், குடும்ப விடுப்பு: கணக்கு வைக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் நெகிரி செம்பிலானின் பகாவ் பட்டணத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் சற்று நேரத்தில் செம்பனையோ ரப்பரோ வந்துவிடும். அந்தத் தோட்டங்களின் ஆபீசிலெல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கிறது. வேலைக்குமுன் ஆள் கூடும் காலைப் பெரட்டில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பேர் படிப்பார்; ஆள் வராவிட்டால் அன்றைய கட்டம் காலி. மாதக் கடைசியில் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) அதைப் பார்த்துத்தான் சம்பளம் போடுகிறார். ஆள் வரவில்லை என்பதை மட்டும்தான் செக்ரோல் சொல்லும். ஏன் வரவில்லை, அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா, அதைக் கொடுக்க வேண்டியது தோட்டமா, பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனமா, எந்த விடுப்பில் கழிப்பது என்பதெல்லாம் அதில் கிடையாது. விடுப்புத் தகராறில் பெரும்பாலானவை அந்தக் காலிக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. எனவே செக்ரோலுக்குப் பக்கத்தில் தனி விடுப்புப் பதிவு ஒன்று வேண்டும். அதை எப்படி வைப்பது என்று புதிதாக ஆபீசுக்கு வரும் சின்னக் கிராணிகளுக்கும், பத்துப் பதினைந்து ஆளை வைத்துப் பழம் வெட்டும் குத்தகைக்காரர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் தொழிலாளிகளும் படிக்கலாம்.

முதலில்: சட்டம் யாருக்கெல்லாம்?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சபாவுக்கும் சரவாக்குக்கும் அவரவர் சட்டம் தனியாக உண்டு. இங்கே சொல்லும் எண்களை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் பல எண்களை மாற்றிவிட்டது. முன்பு மாதம் 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கும் ஆபீஸ் ஊழியர் பலருக்கு இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. இப்போது சம்பளம் எவ்வளவானாலும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் எல்லோரும் உள்ளே. 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு ஓவர்டைம் போன்ற சில பிரிவுகள் மட்டும் கிடையாது; விடுப்பு உண்டு. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று எங்கிருந்து வந்த தொழிலாளியானாலும் எம்.சி. கணக்கு ஒன்றுதான்.

குத்தகைக்காரர்கள் "எங்க ஆளுங்க காண்ட்ராக்ட், லீவு கிடையாது" என்பார்கள். அது அவ்வளவு சுலபமாக எடுபடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், கத்தியும் வண்டியும் நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால், அவர் உங்கள் தொழிலாளி என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோட்ட முதலாளிகள் சங்கமான மாப்பாவோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ, ஆபீஸ் ஊழியர் சங்க ஒப்பந்தத்திலோ, நியமனக் கடிதத்திலோ கூடுதலாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அந்தத் தாள்களை மேனேஜர் அறை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு விடுப்புக் கணக்குப் பார்க்க முடியாது. ஒரு நகல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

படி 1: ஒவ்வொரு விடுப்பும் எந்த நாளில் தொடங்கி எண்ணப்படுகிறது?

எல்லா விடுப்பையும் ஒரே பட்டியலில் போட்டு, ஜனவரி 1 அன்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் பழக்கம் பல ஆபீசுகளில் இருக்கிறது. பாதி சரி, பாதி தவறு.

எம்.சி.யும் ஆஸ்பத்திரி விடுப்பும் காலண்டர் ஆண்டுக்கு எண்ணப்படுபவை. ஜனவரியில் புதுக்கணக்கு. ஆண்டு விடுப்பு அப்படியல்ல. ஆள் வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பிரசவ விடுப்புக்கு ஆண்டே கிடையாது, தொடங்கிய நாளிலிருந்து 98 நாள் தொடர்ச்சி. தகப்பனுக்கான விடுப்பை எண்ணுவது பிரசவத்தின் எண்ணிக்கையில்: ஒரு பிரசவத்துக்கு 7 நாள், மொத்தம் ஐந்து பிரசவம் வரை.

ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் திறந்து, மேலே இவற்றை எழுதுங்கள்: அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் எண், சேர்ந்த தேதி, சம்பள வகை (மாதம், நாள், எடை), திருமணப் பதிவு உண்டா, உயிரோடிருக்கும் பிள்ளைகள் எத்தனை. கடைசி இரண்டும் எதற்கு என்று பின்னால் தெரியும்.

சேர்ந்த தேதி சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சாயும். இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், எம்.சி. 14 நாள். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12, 18. ஐந்தும் அதற்கு மேலும் 16, 22. தோட்டம் கைமாறிய இடங்களில் பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியா, புதிய கம்பெனி எடுத்துக்கொண்ட தேதியா என்ற கேள்வி கட்டாயம் வரும். கைமாறியபோது கொடுத்த கடிதத்தைப் பார்த்து மேனேஜரிடம் எழுத்தில் முடிவு வாங்கி அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். வாய்வார்த்தை அடுத்த கிராணிக்குப் போய்ச் சேராது.

படி 2: பதிவு எந்த வடிவத்தில்?

எக்ஸலா நோட்டுப் புத்தகமா என்பது பெரிய விஷயமில்லை. நூறு ஆளுக்குக் குறைந்த இடத்தில் கோடு போட்ட தடித்த நோட்டு நன்றாகவே ஓடும். மென்பொருள் விற்க வருகிறவர்கள் காட்டும் வண்ணப் படங்களுக்கு மயங்கிவிட வேண்டாம். எடைக்கூலி ஆளின் நாள் சம்பளத்தை அது எப்படிக் கணக்கிடுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள், பாதிப் பேர் திணறுவார்கள்.

ஒரு விடுப்புக்கு ஒரு வரி. அதில் வேண்டியவை: தகவல் வந்த தேதியும் மணியும், யார் மூலம் வந்தது, விடுப்பு வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், கழித்த நாள் எண்ணிக்கை, மீதி, சீட்டு எண், கொடுத்த கிளினிக், சம்பளம் தருவது யார். கடைசியில் தொழிலாளியின் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

செக்ரோலில் காலிக் கட்டம் விடாதீர்கள். மலாய்ச் சுருக்கங்கள் எல்லோருக்கும் பழக்கம்: சூத்தி சாக்கிட்டுக்கு (நோய் விடுப்பு) சி.எஸ்., சூத்தி தாஹுனானுக்கு (ஆண்டு விடுப்பு) சி.தி., சூத்தி பெர்சாலினுக்கு (பிரசவ விடுப்பு) சி.பி. ஆஸ்பத்திரிக்கும் விபத்துக்கும் கண்டிப்பாகத் தனிக் குறி வையுங்கள். இரண்டையும் சி.எஸ். என்றே போட்டால் வருஷக் கடைசியில் பிரிக்க முடியாது. காரணம் இன்னும் தெரியவில்லையா? பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அது சம்பளம் போடுவதற்குள் மையாக வேண்டும்.

படி 3: எம்.சி. வந்தால்

சீட்டு கைக்கு வரும்போது அது எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் நாலாய் மடித்து, வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்து வரும். வெப்பத் தாளில் அச்சடித்த சீட்டென்றால் சில மாதத்தில் எழுத்தே மறைந்துவிடும். வந்த அன்றே போட்டோ எடுத்து, நகல் எடுத்து, நகலின் மேல் "பெற்றது" என்று தேதியும் மணியும் எழுதுங்கள்.

பிறகு மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, பேர் யாருடையது. இது சிரிக்கிற விஷயமில்லை. இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"கிராணி ஐயா, நேத்து வரல. இந்தாங்க சீட்டு."

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல, உனக்கா பிள்ளைக்கா?"

"சின்னவனுக்குத்தான் ஐயா. ராத்திரி பூரா காய்ச்சல்."

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாயை அழைத்துப் போன கிளினிக், தாய்க்கு டைம் ஸ்லிப்தான் கொடுக்கும். இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தார் என்ற சான்று அது, எம்.சி. அல்ல. அதை எப்படிக் கையாள்வது என்பதைப் படி 8இல் சொல்கிறேன். எம்.சி. கணக்கில் ஏற்றாதீர்கள்; நாளை அந்தத் தாய்க்கே நோய் வந்தால் மீதி குறைந்திருக்கும்.

இரண்டு, கொடுத்தது யார். தோட்டம் நியமித்த டாக்டர் அல்லது பேனல் கிளினிக் இருந்தால் அங்கே போவது முறை. அங்கே நியாயமான நேரத்துக்குள் போய்ச் சேர முடியாவிட்டால், அல்லது தோட்டம் யாரையும் நியமிக்கவே இல்லையென்றால், பதிவு பெற்ற எந்த டாக்டரின் சீட்டும், அரசாங்க கிளினிக் சீட்டும் செல்லும். பல் டாக்டரின் சீட்டும் செல்லும். பேனல் கிளினிக் பட்டணத்தில், ஆள் இருப்பது உட்தோட்டத்தில், நேரம் ராத்திரி, மழை. இந்த நிலையில் பக்கத்து கிளினிக் சீட்டைப் "பேனல் இல்லை" என்று திருப்பி அனுப்புவது சட்டத்துக்கும் ஒத்துவராது, மனசுக்கும் ஒத்துவராது. பரிசோதனைச் செலவு முதலாளியுடையது என்பதையும் மறக்க வேண்டாம். சீன வைத்தியரான சின்சேயும் நாட்டு வைத்தியரும் எழுதிக் கொடுப்பது எம்.சி. ஆகாது.

மூன்று, 48 மணி நேரம். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கையில் சீட்டு இருந்தாலும் அனுமதியில்லாமல் வராதவராகக் கருதலாம். கேட்பது தகவல்தான், சீட்டு பிறகு வரலாம். மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும் என்று தோட்டம் அறிவித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மண்டோர் போனிலேயே அது கிடந்தால் பயனில்லை. பெரட்டு முடிந்ததும் மண்டோர் அன்று வந்த தகவல்களைக் கிராணியிடம் சொல்லி, பதிவில் மணியோடு ஏற வேண்டும்.

தவறான குறி இங்கே எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். எம்.சி.யை "வரவில்லை" என்று போட்டால் அந்த நாளின் சம்பளம் போகும். அதோடு முடிவதில்லை. பன்னிரண்டு மாதத்தில் வேலை நாள்களில் பத்து சதவீதத்துக்கு மேல் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராதவருக்கு அந்த வருஷத்து ஆண்டு விடுப்பே கிடையாது. தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் சொல்லாமல் காரணமும் இல்லாமல் நின்றால் ஒப்பந்தத்தை முறித்ததாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒரு காலிக் கட்டம் ஒருவரின் வேலையைக் கேள்விக்குள்ளாக்கலாம்.

எம்.சி. காலத்துக்குள் பொது விடுமுறை விழுந்தால் அதற்குப் பதில் வேறொரு நாள் கொடுக்க வேண்டும். தீபாவளியன்று டெங்கியில் படுத்திருந்தவருக்குத் தீபாவளி விடுமுறை தொலைந்துபோகாது. ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் நோய் வந்து எம்.சி. கிடைத்தால், அந்த நாள்கள் எம்.சி.யில் கழியும், ஆண்டு விடுப்பு எடுக்காததாகவே கருதப்படும். இந்த இரண்டையும் தொழிலாளிகள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியாது. கிராணி தானாகச் செய்ய வேண்டியது.

சீட்டு போலி என்ற சந்தேகம் வந்தால் கிளினிக்குக்குப் போன் செய்து, இந்த எண், இந்தத் தேதி, நீங்கள் கொடுத்ததா என்று மட்டும் கேளுங்கள். என்ன நோய் என்று கேட்பது உங்கள் வேலையில்லை.

படி 4: ஆஸ்பத்திரி விடுப்பு

ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் காலண்டர் ஆண்டுக்கு 60 நாள். 2023 திருத்தத்துக்குப் பிறகு இது 14, 18, 22 நாள் எம்.சி.யோடு சேராத தனிக் கணக்கு. முன்பு எம்.சி.யையும் உள்ளடக்கித்தான் 60. பழைய படிவத்தை இன்னும் நகலெடுத்து ஓட்டும் ஆபீசுகள் தொழிலாளியின் நாள்களைத் தெரியாமலே விழுங்குகின்றன.

இன்னொரு நுணுக்கம்: ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் சான்றளித்து, ஏதோ காரணத்தால் சேர்க்கப்படாவிட்டாலும், சேர்ந்ததாகவே கருத வேண்டும். கட்டில் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் நாள்கள் 60இல் கழியும், 14இல் அல்ல. சீட்டின் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். ஜெம்போல் மருத்துவமனையில் பார்த்துவிட்டுக் கோலாப் பிலாவுக்கோ சிரம்பானுக்கோ அனுப்பினால் இரண்டு இடத்துச் சீட்டும் வரும். தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதுண்டு. ஒரே நாளை இருமுறை கழித்துவிடாமல் தேதி தேதியாக எழுதிப் பாருங்கள்.

படி 5: வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு

குலை தவறி விழுகிறது, முள் கண்ணில் குத்துகிறது, மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு வரும் வழியில் சறுக்கி விழுகிறார். இவை பெர்கேசோ விஷயம். வேலைக்கு வரும் போகும் வழியில் நடந்த விபத்தும் சேரும். வெளிநாட்டுத் தொழிலாளிகளும் 2019 ஜனவரி முதல் இந்த வேலைவிபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நாலு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், தற்காலிக இயலாமைப் படியாக நாள் சம்பளத்தின் 80 சதவீதத்தைப் பெர்கேசோ கொடுக்கும். நாள் சம்பளம் என்பது அவர்கள் அட்டவணைப்படியான சராசரி. அந்தப் படி கிடைக்கும் காலத்துக்கு எம்.சி. சம்பளம் கிடையாது. அதனால் அந்த நாள்களை எம்.சி. மீதியிலிருந்து கழிப்பதும் தவறு. சாதாரண சி.எஸ். குறி போட்டுவிட்டால் தொழிலாளிக்கு இரண்டு வகையில் இழப்பு.

நாலு நாளுக்கு மேல் எம்.சி. வரும் விபத்தைத் தொழில்சார் பாதுகாப்புத் துறைக்கும் ஏழு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விபத்து நடந்த இடம், மணி, பார்த்தவர் பேர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் போனால் ஆளுக்கொரு கதை.

படி 6: பிரசவ விடுப்பு

இதில்தான் பணம் அதிகம், தேதிகளும் அதிகம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விடுப்பு 98 நாள் தொடர்ச்சி, ஓய்வு நாளும் பொது விடுமுறையும் உட்பட. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் தொடங்க முடியாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டித் தள்ளவும் முடியாது. விடுப்பு பெண் தொழிலாளி எல்லோருக்கும். சம்பளத்தோடு கிடைக்க இரண்டு தகுதி வேண்டும்: பிரசவத்துக்கு முந்தைய நாலு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலையில் இருந்த நாள் என்றால் ஒப்பந்தம் நடப்பில் இருந்த நாள். செக்ரோலில் பேர் விழுந்த நாளை மட்டும் எண்ணித் தகுதியில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சம்பளம் கிடையாது, 98 நாள் விடுப்பு மட்டும் உண்டு. முதல் பக்கத்தில் பிள்ளை எண்ணிக்கை எழுதச் சொன்னது இதற்காக.

பிரசவம் என்பது 22 வாரத்துக்குக் குறையாத கர்ப்பத்தில் நிகழ்வது. குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் 98 நாள் உண்டு. குழந்தை தங்கவில்லையே என்று விடுப்பைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பெண்ணிடம் போய் அதைக் கேட்கவும் வேண்டாம். 22 வாரத்துக்குள் கலைந்தால் எம்.சி.யும் ஆஸ்பத்திரி விடுப்பும்.

இப்போது தேதிகள். டாக்டர் சொன்ன பிரசவத் தேதி செப்டம்பர் 20 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய 60 நாளுக்குள், அதாவது ஜூலை 22 முதல், அந்தப் பெண் முதலாளிக்கு எதிர்பார்க்கும் தேதியையும் விடுப்புத் தொடங்கும் தேதியையும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விடுப்பில் போனால், சொல்லும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம், உரிமை போய்விடாது. விடுப்பு ஆகஸ்ட் 21க்கு முன் தொடங்கக் கூடாது. அவர் செப்டம்பர் 1இல் தொடங்குகிறார். 98ஆம் நாள் டிசம்பர் 7. டிசம்பர் 8 வேலைக்கு வர வேண்டும்.

குழந்தைக்கு நம் காலண்டர் தெரியாது. அக்டோபர் 4இல் பிறக்கிறது. உண்மையான பிரசவ நாளிலிருந்து 30 நாள் பின்னால் எண்ணினால் செப்டம்பர் 4. செப்டம்பர் 1, 2, 3 ஆகிய மூன்று நாளும் பிரசவ விடுப்பில் சேராது. அவற்றுக்குப் பிரசவப் படியும் இல்லை. 98 நாள் செப்டம்பர் 4இல் தொடங்கி டிசம்பர் 10இல் முடியும். அந்த மூன்று நாளை ஆண்டு விடுப்பில் கழிக்கலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த தகவல் வந்ததும் பதிவைத் திறந்து இந்தத் தேதிகளை மறுபடி பார்ப்பது கட்டாயம். பிறப்புச் சான்றின் நகல் வாங்கி ஒட்டுங்கள். இந்த இழுபறி வேண்டாம் என்று நினைக்கிற பெண்களுக்கு, தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்குவதே வசதி என்று நான் சொல்வேன். உடம்பு இடம் கொடுத்தால்.

பணம்: மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான மாதச் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்தால் போதும். நாள் கூலி, எடைக்கூலிப் பெண்களுக்கு 98 நாளில் ஒவ்வொரு நாளுக்கும் நாள் சம்பளம் உண்டு. வாரத்துக்கு ஆறு நாள் என்று கணக்குப் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தப்பு. பதினான்கு ஞாயிறு என்றால் பதினான்கு நாள் சம்பளம் பறிபோகிறது.

98 நாள் முடியுமுன்னே வேலைக்கு வர விரும்பினால், டாக்டர் தகுதிச் சான்றும் முதலாளி சம்மதமும் வேண்டும். முதலாளி அழைக்கக் கூடாது. விருப்பம் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவரையோ கர்ப்பத்தால் நோயுற்றவரையோ, வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுதல், ஒழுங்கீனம், தொழிலை மூடுதல் ஆகியவை தவிர வேறு காரணத்துக்கு வேலையிலிருந்து நீக்க முடியாது. கர்ப்பம் காரணமல்ல என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருந்து அடிக்கும் கூட்டத்திலிருந்து மாற்றி இலகு வேலை கொடுங்கள். அதையும் பதிவில் எழுதுங்கள்.

படி 7: தகப்பனுக்கு ஏழு நாள்

திருமணமான ஆண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு தொடர்ச்சியாக 7 நாள். அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னாலேயே, முடியாவிட்டால் குழந்தை பிறந்தபின் கூடிய சீக்கிரம் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இப்போது, ஐந்து நாள் பிறகு என்று உடைக்க முடியாது.

நம் ஆட்களிடம் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டாயிற்று, ரெஜிஸ்தர் மட்டும் பண்ணவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவது அதன்படி கட்டாயம். பதிவில்லாதவர் இந்த விடுப்பைக் கேட்கும்போது சான்று கேட்டால் கையைப் பிசைவார். முதல் பக்கத்தில் "திருமணப் பதிவு உண்டா" என்ற கட்டம் காலியாக இருப்பவர்களைக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி தேசியப் பதிவு இலாகாவில் ரெஜிஸ்தர் பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் பிறப்புப் பத்திரத்துக்கும் அது உதவும்.

படி 8: பிள்ளைக்கு நோய், பெற்றோருக்கு நோய், சாவு

உண்மையைச் சொன்னால், பிள்ளையையோ வயதான தாயையோ பார்த்துக்கொள்ள என்று தனிச் சம்பள விடுப்பு வேலைச் சட்டத்தில் இல்லை. துக்க விடுப்பும் இல்லை. கருமாதிக்குப் போக வேண்டியவர் கூட்டு ஒப்பந்தத்தையோ நியமனக் கடிதத்தையோதான் நம்ப வேண்டும். அதில் எத்தனை நாள், யார் யாருடைய சாவுக்கு என்று பாருங்கள். மாமனார் மாமியார் சேர்த்தியா என்பதில்தான் சண்டை வரும்.

மற்றபடி வழிகள் மூன்று. ஆண்டு விடுப்பு. சம்பளமில்லா விடுப்பு, அதை எழுத்தில் கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் "சொல்லாமல் நின்றார்" ஆகிவிடும். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: 2023 முதல் வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் நெகிழ்வு கேட்டுத் தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. விடிகாலைப் பால்வெட்டில் நேரத்தை மாற்றுவது கஷ்டம்தான். ஆனால் தகப்பனை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் ஆபீஸ் ஊழியருக்கோ ஸ்டோர் ஆளுக்கோ இது பெரிய உதவி. அந்த விண்ணப்பங்களுக்கும் பதிவில் ஒரு பக்கம் வைத்து 60ஆம் நாளைச் சிவப்பில் குறியுங்கள்.

படி 9: ஒரு நாளுக்கு எவ்வளவு?

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம். 1,700 வெள்ளிக்கு 65.38.

எடைக்கூலி, நாள் கூலிக்காரருக்கு முந்தைய மாதச் சம்பளத்தை வேலை செய்த நாளால் வகுக்க வேண்டும். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கான பணமும் நாளும் இரு பக்கமும் சேராது, அங்கீகரிக்கப்பட்ட ஊக்கத்தொகையும் சேராது. போன மாதம் 21 நாள் குலை வெட்டி 1,890 வெள்ளி என்றால் நாளுக்கு 90. மூன்று நாள் எம்.சி.க்கு 270.

சம்பளமில்லா விடுப்புக்கு வகுக்கும் எண் வேறு. அங்கே 26 கிடையாது, அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கை. 31 நாள் மாதத்தில் 4 நாள் சம்பளமில்லாமல் போனால் 1,700ஐ 31ஆல் வகுத்து 27ஆல் பெருக்குங்கள்: 1,480.65. நாலு நாளுக்கு 65.38 வீதம் கழித்தால் தொழிலாளிக்கு நாற்பத்திரண்டு வெள்ளிக்கு மேல் குறையும்.

விடுப்புச் சம்பளத்துக்கும் இ.பி.எஃப். (சேமநிதி), பெர்கேசோ சந்தா பிடித்துக் கட்ட வேண்டும். பிரசவ விடுப்பு மாதங்களில் இது விட்டுப்போவது வழக்கம்.

படி 10: மாதக் கடைசி

சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். ஆகவே முதல் தேதியிலேயே செக்ரோலையும் விடுப்புப் பதிவையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க உட்காருங்கள். செக்ரோலில் வேலை செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் பதிவில் ஒரு வரி இருக்க வேண்டும். மிஞ்சி நிற்கும் பென்சில் கேள்விக்குறிகளுக்கு மண்டோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தெரியாவிட்டால் தொழிலாளியையே கூப்பிடுங்கள். "வரவில்லை" என்று நீங்களாக எழுதுவது கடைசி வழி.

சம்பளச் சீட்டில் எம்.சி. மீதி, ஆண்டு விடுப்பு மீதி இரண்டையும் அச்சடித்துவிட்டால் பாதி வழக்கு சம்பள வாசலிலேயே தீர்ந்துவிடும். படிக்கத் தெரியாதவருக்கும், வங்காளியும் நேப்பாளியும் மட்டும் தெரிந்தவருக்கும், அவர்கள் மொழி பேசும் ஒருவரை வைத்துச் சொல்லிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள்.

நோயின் பேர் எழுதிய தாள்களைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் காப்பு இருக்கிறது. நோட்டீஸ் பலகையில் யார் எத்தனை எம்.சி. எடுத்தார் என்று ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கிழித்தெறியுங்கள்.

பதிவுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பக்கத்தையும் சேர்த்துத்தான்; ஆள்பல இலாகாவில் (அரசாங்கத் தொழிலாளர் துறை) புகார் கொடுப்பவர்களில் பலர் போனபிறகே கொடுக்கிறார்கள். தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கு அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். ஆறு வருஷத்தில் ஆபீசில் கரையானும் வரும், ஒழுகலும் வரும், கிராணியும் மாறுவார். நோட்டை இரும்பு அலமாரியில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், ஒவ்வொரு மாதப் பக்கத்தையும் போட்டோ எடுத்து ஆபீஸ் கணினியில் ஆண்டு வாரியாகப் போடுங்கள், மாறிப்போகும்போது புதியவரிடம் மீதிகளை ஒவ்வொரு ஆளாகப் படித்துக் காட்டி இருவரும் கையெழுத்திடுங்கள்.